ஓர் அங்குலப் பிழையைச் சாபமாக்காதீர்கள்

கோல்ஃப் ஆடுகிறவர்களிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘ஷாங்க்’ என்ற சொல்லை மைதானத்தில் உச்சரிக்கக் கூடாது. கிரீனுக்கு நாற்பது கஜத்தில் நிற்கும் ஒருவர், வெட்ஜ் மட்டையால் பந்தை மெல்ல உயர்த்திக் கொடியருகே இறக்கப் பார்க்கிறார். பந்து உயரவில்லை. தாழப் பறந்து, வலப்பக்கம் வெட்டித் திரும்பிப் புதருக்குள் மறைகிறது. கூட ஆடுகிறவர்கள் வேறெங்கோ பார்க்கிறார்கள். நடந்ததன் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

பெயரைச் சொல்லத்தான் தயக்கம். மருந்து சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. “தலையைத் தூக்கிட்டீங்க சார்” என்பார் மட்டைப் பை சுமந்துவரும் கேடி. “கொஞ்சம் தள்ளி நின்னு அடிங்க” என்பார் கூட ஆடுகிறவர். “மட்டை முகம் திறந்திருக்கு, மூடிப் பிடிங்க” என்று பயிற்சித் திடலில் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். கடைசியாக மூத்த உறுப்பினர் ஒருவர் தீர்ப்பு வழங்குவார்: “இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது. ரெண்டு வாரம் மட்டையைத் தொடாதீங்க. வந்த மாதிரியே போயிடும்.”

இந்த நான்கில் முதல் மூன்றும் நோய் இல்லாத இடத்தில் கைவைக்கின்றன. நான்காவது அதைவிடக் கேடானது. பிழையைத் திருத்தும் உரிமையையே அது ஆட்டக்காரரிடமிருந்து பறித்துவிடுகிறது. பந்து மட்டையின் எந்த இடத்தில் பட்டது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைகளில் ஒன்றுதான் ஷாங்க். கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, அளந்து சொல்லக்கூடிய பிழை அது. அளந்து சொல்லக்கூடியதை அளந்தே திருத்த வேண்டும் என்பதுதான் என் வாதம்.

முதலில் மட்டையின் அமைப்பைப் பார்ப்போம். இரும்பு மட்டையில் தண்டு தலையின் நடுவில் இறங்குவதில்லை. ஒரு கோடியில், ஹோசல் எனப்படும் உருண்டையான குழாய்க்குள் செருகப்பட்டிருக்கிறது. அதை இங்கே கழுத்து என்று சொல்கிறேன். கழுத்தையொட்டிய பகுதி குதி, எதிர்க்கோடி நுனி. இரண்டுக்கும் இடையில் பந்தைச் சந்திக்க வேண்டிய தட்டையான முகம். பந்தை உருட்டும் பட்டர் மட்டை நீங்கலாக மற்ற எல்லா மட்டைகளிலும் தண்டு குதிப் பக்கத்தில்தான் பொருத்தப்பட வேண்டும் என்பது கோல்ஃபின் உபகரண விதி. ஆகவே கழுத்து அங்கேதான் இருக்கும். அதைத் தவிர்த்து அடிப்பது ஆட்டக்காரரின் பொறுப்பு.

பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. முகத்தின் நடுவில் பட வேண்டிய அந்தப் பந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் குதிப் பக்கமாகப் போய்ப் பட்டால் போதும், தட்டையான பரப்பைச் சந்திக்காமல் உருண்டையான கழுத்தைச் சந்திக்கிறது. உருண்டையில் மோதிய பந்துக்கு நேரே போக வழியில்லை. வலக்கை ஆட்டக்காரர் என்றால் வலப்பக்கம் சிதறும். இதுதான் ஷாங்க். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியின் ஈராயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் எதையும் சரிசெய்ய எவராலும் முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, மட்டை அங்கே வந்து சேர்வதற்குள் அந்த ஓர் அங்குலம் எப்படிக் கூடியது என்பதுதான்.

ஆட்டக்காரர் நிற்கும்போது முகத்தின் நடுப்பகுதியைப் பந்துக்குப் பின்னால் சரியாகவே வைக்கிறார். பிறகு மட்டையைப் பின்னே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறார். வீச்சில் இருக்கும் மட்டைத்தலை வெளிப்பக்கம் இழுக்கும். நிற்கும்போது தளர்ந்து தொங்கிய கைகள் அந்த இழுப்பில் நீள்கின்றன. மடங்கிய மணிக்கட்டு நிமிர்கிறது. பந்தை அடையும்போது கைகள் தொடங்கிய இடத்தைவிடச் சற்று உயரத்திலும், உடலைவிட்டுச் சற்று விலகியும் இருக்கின்றன. இது தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கும் நடப்பதுதான். ஆனால் அவர்களுக்குக் கைகள் வெளியே போகும் அதே நேரத்தில் உடல் சுழன்று இடம் விடுகிறது. இடது இடுப்பு பின்வாங்குகிறது, மார்பு இலக்கை நோக்கித் திரும்புகிறது. கைகள் வெளியே எடுத்துக்கொண்ட தூரத்தை உடல் உள்ளே விட்டுக்கொடுக்கிறது. வரவும் செலவும் சரியாகிப் பந்து நடு முகத்தில் படுகிறது.

பந்தை உயர்த்திக் கொடியருகே இறக்கும் பிட்ச் அடியின்போது இந்த வரவுசெலவுதான் குலைகிறது. முழு வீச்சில் வேகமே உடலைச் சுழற்றிவிடும். நாற்பது கஜத்துக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. சின்ன அடிதானே என்று ஆட்டக்காரர் உடலை நிறுத்திவைத்துக் கைகளால் மட்டும் அடிக்கப் பார்க்கிறார். உடல் நின்றுவிட்டது, கைகள் வெளியே போவது நிற்கவில்லை. இதோடு வெட்ஜின் தண்டு மற்ற மட்டைகளுடையதைவிடக் குட்டையானது. ஆகவே பந்துக்கு அருகில், கூடுதலாகக் குனிந்து நிற்கிறோம். எடை விரல்களின் பக்கம் சாய்வது எளிது. பந்தை உயரமாக எழுப்ப வேண்டுமென்று முகத்தைத் திறந்து வைத்தாலோ, முகம் பின்வாங்கிக் கழுத்து முன்னே வருகிறது. எல்லாமே கழுத்தைப் பந்துக்கு அருகில் தள்ளுகின்றன. ஷாங்க் ஏன் பிட்ச் அடிகளைத் தேடி வருகிறது என்பதற்கு இதைவிட மர்மமான விளக்கம் தேவையில்லை.

இந்த வெளிச்சத்தில் அந்த நான்கு அறிவுரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தலையைத் தூக்கியதால் ஷாங்க் ஆயிற்று என்பது முதலாவது. தலையோடு உடலும் எழும்பினால் மட்டை மேலே போகும். அதன் விளைவு பந்தின் உச்சந்தலையில் அடிப்பது, அல்லது பந்தின் நடுவயிற்றில் மட்டையின் கீழ்விளிம்பு மோதுவது. இவை உயரத்தில் நேரும் பிழைகள். ஷாங்க் பக்கவாட்டில் நேரும் பிழை. மட்டை சரியான உயரத்தில் வந்து, புல்லைச் சரியாக உரசி, அப்போதும் பந்து கழுத்தில் படலாம். இரண்டு பிழைகளுக்கும் ஒரே மருந்து இருக்க முடியாது.

தலையை அசைக்காமல் கீழேயே வைத்திருப்பது நல்ல அடிக்கு நிபந்தனையும் அல்ல. அன்னிகா சோரன்ஸ்டாம் பந்தை அடிக்கும் கணத்திலேயே தலையை இலக்கின் பக்கம் திருப்பிவிடுவார். பெண்கள் கோல்ஃபில் பத்து மேஜர் பட்டங்கள் வென்றவர் அவர். 2001ஆம் ஆண்டில் ஒரு சுற்றை 59 அடிகளில் முடித்தவர். டேவிட் டுவாலும் அப்படித் தலையைத் திருப்பி ஆடியவர்தான். 1999இல் உலகத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தார், 2001இல் ஓப்பன் பட்டத்தை வென்றார். தலை திரும்பியது அவர்கள் உடல் சுழல உதவியதே தவிரத் தடுக்கவில்லை. பிட்ச் அடியில் தடுமாறுகிற ஒருவரிடம் தலையைக் கீழே அழுத்திவைக்கச் சொன்னால் என்ன ஆகும்? அவருடைய கழுத்து இறுகும், தோள் நிற்கும், மார்பு நிற்கும். எந்தச் சுழற்சி அவரைக் காப்பாற்றியிருக்குமோ அதையே இந்த அறிவுரை நிறுத்திவைக்கிறது. ஷாங்க் குறையாது, அடுத்த பந்திலும் வரும்.

பந்திலிருந்து தள்ளி நில் என்பது இரண்டாவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மட்டை பந்துக்கு மிக அருகில் வந்துவிட்டது, ஆகவே விலகி நின்றால் சரியாகும் என்று தோன்றுகிறது. ஆனால் நிற்கும்போது இருக்கும் தூரம் ஒன்று, வீச்சின் போது இழக்கும் தூரம் வேறு. ஷாங்க் பெரும்பாலும் இரண்டாவதில்தான் உருவாகிறது. தள்ளி நிற்பவர் பந்தை எட்டுவதற்காகக் கைகளை நீட்டுகிறார், இடுப்பை இன்னும் மடக்குகிறார். எடை குதிகாலைவிட்டு விரல்களுக்குப் போகிறது. மட்டையைக் கீழே கொண்டுவரும்போது உடல் பந்தின் மேல் சாய்கிறது. அப்படிச் சாயும்போது, விலகி நின்று சேர்த்த தூரம் முழுவதும் செலவாகி, அதற்கு மேலும் கொஞ்சம் போய்விடுகிறது. ஒரு சிலர் உண்மையிலேயே பந்துக்கு மிக நெருங்கி நிற்கிறார்கள். கைகள் தொங்க இடமில்லாமல் வயிற்றோடு ஒட்டி நிற்கிற அவர்களுக்கு இந்த மருந்து பலிக்கும். அவர்களுக்கு மட்டுமே பலிப்பதை எல்லோருக்கும் ஊட்டுவதுதான் தவறு.

முகத்தை மூடு என்பது மூன்றாவது. பந்து வலப்பக்கம் போனதைக் கண்டு பிறந்த அறிவுரை இது. முகத்தில் பட்ட பந்து புறப்படும் திசையை முகத்தின் கோணமே பெரும்பங்கு தீர்மானிக்கிறது என்பதை ராடார் கருவிகள் உறுதியாகக் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த விதி முகத்தில் பட்ட பந்துக்கு உரியது. கழுத்தில் பட்ட பந்துக்கு முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்பது பெரிய கணக்கில்லை. முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பிடித்து அடித்தாலும் கழுத்தில் பட்டால் பந்து வலப்பக்கம்தான் சிதறும். பிழை எந்த இடத்தில் பட்டது என்பதில் இருக்கையில், எந்தக் கோணத்தில் பட்டது என்று மாற்றிக்கொண்டிருப்பதால் கிரிப்பும் நிலையும் கெடுவதுதான் மிச்சம்.

இந்த இடத்தில் ஒரு உண்மையை மறுக்கக் கூடாது. சிலர் மட்டையைத் தொடக்கத்திலேயே உடலுக்குப் பின்னால் உள்ளிழுத்து, முன்கையை உருட்டி முகத்தை அகலத் திறந்துவிடுகிறார்கள். திரும்பி வரும்போது மட்டை உள்ளிருந்து வெளியே பாய்கிறது. திறந்த முகத்தை மூடவிடாமல் மணிக்கட்டை இறுக்குகிறார்கள். கழுத்து முந்திக்கொண்டு வந்து பந்தில் மோதுகிறது. இவர்களுக்கு முன்கையை இயல்பாகத் திரும்பவிடுவது உதவும். பந்தின் திசை மாறுவதால் அல்ல, நுனி முன்னே வந்து கழுத்து பின்தங்குவதால். மருந்து பலிக்கும்போதும் அது பலிக்கும் காரணம் இடத்தைப் பொறுத்ததே.

இனி நான்காவது. எல்லாம் மனசு என்கிற தீர்ப்பு.

ஷாங்க் மனத்தில் பிறக்கும் நோய் என்றால், அது மட்டையைப் பார்த்து ஆளைப் பிடிக்கக் காரணமில்லை. டிரைவர் மட்டையை எடுத்துக்கொண்டு முதல் குழியில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க நிற்பதைவிடப் பதற்றமான தருணம் சாதாரண ஆட்டக்காரருக்கு இல்லை. அங்கே பந்து வளைகிறது, தவறுகிறது, காட்டுக்குள் போகிறது. ஆனால் இந்தக் கூர்மையான வலப்பக்கச் சிதறல் மிக அரிது. டிரைவரின் கழுத்து முகத்தைத் தாண்டி முன்னே துருத்துவதில்லை என்பதே காரணம். மூன்றடித் தூரத்து உருட்டலில் கை நடுங்குகிறவர்கள் எத்தனையோ பேர். தண்டை நடுவில் பொருத்திய பட்டரால் அவர்கள் ஷாங்க் அடிப்பதில்லை. பயம் எல்லா மட்டையிலும் இருக்கிறது. ஷாங்க், கழுத்து துருத்தி நிற்கும் மட்டையில் மட்டும் இருக்கிறது. அப்படியானால் காரணத்தை எங்கே தேட வேண்டும்?

மட்டை செய்தவர்களுக்கு இது நூறாண்டுக்கு முன்பே தெரியும். பிரிட்டனில் 1890களில் ஃபேர்லி என்பவர் காப்புரிமை பெற்ற இரும்பு மட்டைகள் விற்பனைக்கு வந்தன. முகத்தைக் கழுத்துக்கு முன்னால் தள்ளிவைத்து, பந்து கழுத்தைச் சந்திக்கவே வழியில்லாமல் செய்வதுதான் அவற்றின் நோக்கம். அந்தக் கைவினைஞர்கள் ஆட்டக்காரரின் மனத்தை ஆராயவில்லை. உலோகம் எங்கே துருத்துகிறது என்று பார்த்தார்கள். அந்தத் தெளிவு இன்றைய அறிவுரைகளில் இல்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

ஷாங்க் தொற்றிக்கொண்டால் விடாது என்ற அச்சத்துக்கும் வரலாறு இடம் தரவில்லை. 1964 மாஸ்டர்ஸ் போட்டியில், அகஸ்டா மைதானத்தின் 12ஆவது குழியில், ஜாக் நிக்லாஸ் ஷாங்க் அடித்தார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அந்தப் போட்டியை நிறுவிய பாபி ஜோன்ஸும் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸும். அதைவிட அவமானமான இடமும் சாட்சிகளும் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரருக்கு அமைவது கடினம். அந்த ஆண்டு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட நிக்லாஸ், அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் 271 அடிகளில் ஒன்பது அடி வித்தியாசத்தில் வென்றார். 1966இலும் வென்றார். அவர் வாழ்நாளில் வென்ற மேஜர் பட்டங்கள் 18.

ஜானி மில்லரின் கதை இன்னும் கடுமையானது. 1972இல் பெபிள் பீச்சில் நடந்த பிங் கிராஸ்பி போட்டியின் இறுதிச் சுற்றில், பட்டத்துக்கு நிக்லாஸோடு மோதிக்கொண்டிருந்தவர் 16ஆவது குழியில் ஷாங்க் அடித்தார். ஆட்டம் சமனாகி, கூடுதல் குழியில் நிக்லாஸிடம் தோற்றார். சாபம் உண்மையென்றால் மில்லர் அந்த மைதானத்தின் பக்கமே வந்திருக்கக் கூடாது. 1973இல் யு.எஸ். ஓப்பனை இறுதிச் சுற்றில் 63 அடித்து வென்றார். பெபிள் பீச்சில் நடக்கும் அதே போட்டியை 1974, 1987, 1994 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றார். கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது 46.

அண்மைக் காலத்திலும் சான்றுண்டு. 2017 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் இயன் போல்ட்டர் ஷாங்க் அடித்தார். பிறகும் நிதானம் இழக்காமல் பந்தைக் குழியருகே கொண்டுவந்து, ஒரே ஒரு அடி இழப்போடு முடித்து, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2024 பிப்ரவரியில் ரிவியெரா மைதானத்தின் 18ஆவது குழியில் டைகர் உட்ஸ் ஷாங்க் அடித்தார். முதுகுத் தசை பிடித்துக்கொண்டிருந்தது என்று அவரே காரணம் சொன்னார். உடல் சரியாகச் சுழல முடியாதபோது மட்டை எங்கே போய்ப் படும் என்பதற்கு அந்த ஓர் அடியே போதிய விளக்கம். மர்மம் எதையும் அவர் தேடவில்லை.

இதற்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. பயிற்சித் திடலில் ஒழுங்காக அடிக்கிறேன், மைதானத்துக்குப் போனால்தான் ஷாங்க் வருகிறது, அப்படியானால் மனசுதானே காரணம் என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு ஷாங்குக்குப் பின் இன்னொன்று வருவதையும் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

பயம் ஷாங்கைப் பெருக்குகிறது, உண்மைதான். ஆனால் பயம் பந்தைத் தொடுவதில்லை, மட்டைதான் தொடுகிறது. பயந்தவர் கிரிப்பை இறுக்குகிறார், மூச்சைப் பிடிக்கிறார், உடலை அசையாமல் வைத்து மட்டையைப் பந்துக்குள் வழிநடத்தப் பார்க்கிறார். உடல் நிற்கிறது, கைகள் வெளியே போகின்றன, கழுத்து பந்தைச் சந்திக்கிறது. பயமும் அதே ஓர் அங்குலத்தின் வழியாகத்தான் வேலை செய்ய முடியும். அந்த அங்குலத்தைத் திருத்தினால் பயத்துக்கு வழி அடைபடும்; அதைத் திருத்தாமல் பயத்தை மட்டும் போக்க முயன்றால் அடுத்த ஷாங்க் வந்து எல்லா ஆறுதலையும் கலைத்துவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பயிற்சித் திடலில் ஒழுங்காக அடிக்கிறேன் என்று சொல்பவர், பந்து முகத்தில் எங்கே பட்டது என்று பெரும்பாலும் பார்த்ததில்லை. குதிப் பக்கத்தில் பட்டாலும் முகத்துக்குள் இருக்கும்வரை பந்து ஓரளவு நேராகவே போகும். ஷாங்குக்குப் பல நாள் முன்பிருந்தே அவருடைய அடிகள் கழுத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்திருக்கலாம். மைதானத்தில் ஏற்பட்ட சிறு பதற்றம் கடைசி அரை அங்குலத்தைத்தான் சேர்த்தது.

நினைக்காதே, பேசாதே என்ற கட்டுப்பாடு மனத்தைப் பற்றிய அறிவுக்கும் முரணானது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு பந்தை உருட்டும் அடியைப் பற்றியது. குழியைத் தாண்டி உருட்டிவிடாதே என்று சொல்லப்பட்டவர்கள், ஓர் எண்ணையும் நினைவில் சுமக்க வேண்டியிருந்தபோது, அதிகமாகத் தாண்டியே உருட்டினார்கள். எதைச் செய்யாதே என்று மனத்துக்குச் சொல்கிறோமோ, சுமை கூடும்போது உடல் அதையே செய்கிறது. ஷாங்கைப் பற்றி வாய் திறக்காமல் உள்ளுக்குள் அதைத் தடுத்துக்கொண்டே பந்தின் முன் நிற்பவரின் நிலையும் இதுதான். மௌனம் அவருக்கு விடுதலை தரவில்லை, காவலை இன்னும் பலப்படுத்துகிறது.

தடையின் இடத்தில் ஒரு வேலையைத் தர வேண்டும். அதற்கும் ஆய்வு வழிகாட்டுகிறது. கேப்ரியேல் வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, கோல்ஃப் கற்கத் தொடங்கியவர்களின் பிட்ச் அடிகளைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு குழுவினர் தங்கள் கைகளின் வீச்சைக் கவனித்தார்கள், மற்றொரு குழுவினர் மட்டையின் வீச்சைக் கவனித்தார்கள். பயிற்சியின்போதும், பிறகு சோதித்தபோதும், மட்டையைக் கவனித்தவர்களே துல்லியமாக அடித்தார்கள். உடலுறுப்புகளைப் பற்றிப் பத்துக் கட்டளைகளை மனத்தில் ஏற்றிக்கொள்வதைவிட, மட்டை என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே எண்ணம் பயன் தருகிறது. ஷாங்க் அடிப்பவருக்கு அந்த எண்ணம் தெளிவானது: நுனியில் அடி.

திருத்தும் வழியையும் சொல்லாமல் மறுப்பதில் பயனில்லை. வண்டியை வீட்டுக்குள் கொண்டுவரும்போது வாசல் தூணில் உரசிவிட்டால், கீறல் எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த முறை ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்கிறோம். இங்கும் முதல் வேலை அடையாளத்தைப் பார்ப்பதுதான். வெள்ளைப் பலகையில் எழுதும் மை பேனாவால் பந்தின் பின்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டில் மட்டை படும்படி அடித்தால் முகத்தில் மைத்தடம் விழும். மட்டையின் முகத்தில் கால்பவுடரை மெல்லப் பூசினாலும் போதும். வரிசையாகச் சில பிட்ச் அடிகள் அடித்து, தடங்கள் எங்கே கூடுகின்றன என்று பார்க்க வேண்டும். ஷாங்க் அடிப்பவர்களில் பலருக்கு அந்த முதல் பார்வையே திகைப்பாக இருக்கும். நல்ல அடி என்று நினைத்தவையும் குதியை ஒட்டியே விழுந்திருக்கும்.

அடுத்தது, மட்டை எந்த வழியாக வெளியே வருகிறது என்று கண்டுபிடிப்பது. அடித்து முடித்த பின் உடல் பந்திருந்த பக்கம் தடுமாறி ஒரு காலை முன்னால் வைக்க நேர்ந்தால், எடை விரல்களுக்குப் போகிறது என்று பொருள். பின்புறம் ஒரு நாற்காலியையோ பையையோ தொடும்படி நின்று மெல்ல வீசிப் பாருங்கள். அடிக்கும்போது பின்புறம் அதைவிட்டு விலகினால், இடுப்பு பந்தை நோக்கிப் பாய்கிறது. மட்டையைப் பின்னே எடுக்கும்போது அது உடலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், உள்ளிருந்து வெளியே பாயும் வகை. தோள் முதலில் சுழன்று கைகளை வெளியே எறிந்து, மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டினால் மற்றொரு வகை. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டு பாதைகளும் கழுத்துக்கே இட்டுச்செல்லக் கூடியவை. எல்லோருக்கும் ஒரே அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

மூன்றாவது, இடத்தைக் கட்டுப்படுத்தப் பழகுவது. பந்துக்கு வெளிப்பக்கம், ஆட்டக்காரரிடமிருந்து விலகிய பக்கத்தில், ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகமான இடைவெளிவிட்டு பந்தைத் தாங்கும் சிறு முளையான டீ ஒன்றைத் தரையில் குத்திவையுங்கள். டீயைத் தொடாமல் பந்தை மட்டும் அடிக்க வேண்டும். வெளியே போகும் மட்டை டீயைச் சாய்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். அல்லது இரண்டு பந்துகளைப் பக்கம்பக்கமாக வைத்து, மட்டையை வெளிப்பந்தின் பின்னால் வைத்துத் தொடங்கி உள்பந்தை அடியுங்கள். பிறகு வேண்டுமென்றே நுனியில் அடிக்கப் பழகுங்கள். முகத்தின் நுனியில் மைத்தடம் விழும்வரை விட வேண்டாம். நுனியில் அடிக்க முடிகிறவரால் நடுவிலும் அடிக்க முடியும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் திறமை ஒன்றுதான். நுனியில் ஓர் அடி, நடுவில் ஓர் அடி என்று மாற்றி மாற்றி அடிக்கிறவர் சிறிது நேரத்திலேயே கழுத்தைத் தூர விலக்கிவிடுவார்.

கடைசியாக, உடலுக்கு அதன் வேலையைத் திருப்பிக்கொடுப்பது. சின்ன அடியிலும் மார்பு சுழல வேண்டும். அடி முடியும்போது பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்க வேண்டும், எடை இடது குதிகாலில் நிற்க வேண்டும். தூரத்தைக் குறைக்க வீச்சின் நீளத்தைக் குறைக்கலாம். சுழற்சியை நிறுத்தக் கூடாது. மைதானத்தில் இவ்வளவும் நினைவிருக்க வேண்டியதில்லை. பந்தின் உள்பக்கப் புல்லை நுனியால் உரசு என்ற ஒரே கட்டளை போதும்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. ஷாங்க் அடித்ததால் யாரும் கோல்ஃபை விடுவதில்லை. காரணம் தெரியாமல் அடித்ததால்தான் விடுகிறார்கள். பிட்ச் அடிக்க வேண்டிய இடத்தில் ஏழாம் எண் இரும்பால் பந்தை உருட்டிவிட்டுத் தப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெட்ஜைப் பையிலேயே வைக்காதவர்கள் இருக்கிறார்கள். பங்கருக்கும் கொடிக்கும் இடையில் பந்தை இறக்கும் அந்த அழகான அடியை, இந்த ஆட்டத்தின் மிக நுட்பமான இன்பத்தை, அவர்கள் இழந்துவிட்டார்கள். அவர்களுடைய திறமை அதற்குப் போதும். ஆனால் இது உன் மனத்தின் கோளாறு, காத்திரு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. திருத்தக்கூடிய பிழையோடு ஒருவரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பது அன்பில்லாத செயல்.

கேடிகளையோ மூத்த உறுப்பினர்களையோ நான் பழிக்கவில்லை. அவர்கள் உதவத்தான் நினைக்கிறார்கள்; கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் கற்றுத்தருவதைத் தொழிலாகக் கொண்ட பயிற்சியாளர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. முகத்தில் விழுந்த தடத்தைப் பார்க்காமல் ஷாங்குக்கு மருந்து சொல்கிறவர், நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலேயே மருந்துச்சீட்டு எழுதுகிறார். அப்படிப்பட்ட எந்த அறிவுரையையும் இனி ஏற்காதீர்கள். தலையா, தூரமா, முகமா, மனசா என்று யார் சொன்னாலும், பந்து மட்டையில் எங்கே பட்டது என்று முதலில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவருடைய அறிவுரைக்காக உங்கள் வீச்சை மாற்ற வேண்டிய அவசியமில்லை.